ஒரு கரண்டி உறை

மயில்சாமிக்கு லேபிள் ஒட்டுவதில் ஒரு தனி கர்வம் உண்டு. சீசாவில் ஒட்டியதும் கட்டைவிரலால் மூன்று முறை நீவிவிடுவார். பெயரை வாய்விட்டுப் படிப்பார். நோட்டில் ஒரு தடவை, கணினியில் ஒரு தடவை சரிபார்த்த பிறகுதான் அடுத்த சீசாவைத் தொடுவார். வீட்டில் மல்லித்தூள் டப்பாவுக்குக்கூடத் தேதி போட்டு ஒட்டுகிற ஆள். "எம்மேலயும் ஒண்ணு ஒட்டீருங்க, எந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு தெரிஞ்சுக்கலாம்" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவர் சிரிக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மேசைக்கு ஒரு புதன்கிழமை காலை பரிசோதனைக்கூடத்தின் அரையாண்டு முடிவு வந்தது. குமாரபாளையத்து இனியா, ஆறு வயது. அவளுடைய மாதிரியில் இருக்க வேண்டியது இனியாவின் முத்திரை. இருந்ததோ பவானி ஆதிலின் முத்திரை.

ஆதில் இறந்து ஏழு மாதம் ஆகிவிட்டிருந்தது.

மயில்சாமி, லேபிள் மாறிவிட்டதா என்று தன் கைகளையே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அவர் பதைத்தது ஏன் என்று புரிய, இந்த முத்திரை சமாசாரத்தைச் சொல்லிவிட வேண்டும். ஈரோட்டில் பெருந்துறை சாலையில் இருந்த ஒரு குழந்தைகள் ஆராய்ச்சி மையத்தில் அவர் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். அங்கே வரும் குழந்தைகளின் ஈரலுக்குப் பிறவியிலேயே ஒரு வேலை தெரியாது. பருப்பும் பாலும் முட்டையும் செரித்த பிறகு உடம்பில் அமோனியா மிஞ்சும். நம் ஈரல் அதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடும். இவர்களுக்கு அது ரத்தத்திலேயே தங்கி, ஏறி, மூளையைத் தொடும். வலிப்பு வரும். பேச்சு பின்வாங்கும். சாதாரணக் காய்ச்சலுக்கே நினைவு தப்பும். ஒரு குழந்தைக்கு ஐந்து டாக்டர்கள், பன்னிரண்டு மருந்துகள். அப்படியும் பாதிப் பேர் பத்து வயதைப் பார்ப்பதில்லை.

டாக்டர் சகாயமேரிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஈரலுக்குத் தெரியாத வேலையைக் குடலுக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஒவ்வொரு குழந்தையின் குடலிலிருந்தும் அதற்கே சொந்தமான நுண்ணுயிரை எடுத்தார். அமோனியாவைத் தின்னும்படி அதன் மரபணுவைத் திருத்தினார். யாருடையது என்று தெரிய ஒரு முத்திரையையும் அதில் பதித்துத் திருப்பிக் கொடுத்தார். அம்மாக்கள் அதை வீட்டிலேயே வடிகஞ்சியில் வளர்க்க வேண்டும். அதற்கு ஒரு பெட்டி உண்டு, டிபன் கேரியரின் ஒற்றை அடுக்கு அளவில். காலையில் ஒரு டம்ளர் குழந்தைக்கு. மிச்சத்தில் புதுக் கஞ்சி ஊற்றி வைத்தால் மறுநாளைக்கு ஆயிற்று. பச்சை விளக்கு எரிந்தால் நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் செத்துவிட்டது. பெட்டிக்கு எண்ணத் தெரியும். யாருடையது என்று தெரியாது. அதைப் பரிசோதனைக்கூடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன்பு, தன் குடலிலிருந்து எடுத்ததை அதே மாதிரித் திருத்தித் தானே ஒரு மாதம் குடித்துப் பார்த்தவர் சகாயமேரி. அவர் கைப்பையில் ஒரு பட்டியல் எப்போதும் இருக்கும். இந்த மருந்துக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் பெயர்கள், கையால் எழுதியது. ஒரு குழந்தை இறந்துபோனால் பெயரை அடிக்க மாட்டார். முழுப் பட்டியலையும் புதிதாக எழுதுவார். அன்றைக்கு அதில் நானூற்றுப் பத்தொன்பது பெயர்கள் இருந்தன.

ஆய்வுக்கு நூற்று நாற்பது பக்க விதிமுறை உண்டு. ஒரு குழந்தையின் நுண்ணுயிர் இன்னொரு குழந்தைக்குப் போகக் கூடாது, ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்பது ஒரு விதி. பெட்டியில் சிவப்பு எரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், புதிதாகத் தயாரித்துக் கொடுக்கும் வரை ஐந்து மாதம் குழந்தைக்கு மருந்து கிடையாது என்பது இன்னொன்று. சேர்ந்தவர்கள் பதினெட்டுப் பேர். ஆதிலை டெங்கு கொண்டுபோன பிறகு பதினேழு. அவன் இறந்த ஒன்பதாம் நாள் பெட்டியை எடுத்து வந்ததும், அவன் அம்மா மைமூனிடம் கையெழுத்து வாங்கியதும் மயில்சாமிதான்.

அவர் மற்ற முடிவுகளையும் எடுத்துப் பார்த்தார். இனியாவோடு நிற்கவில்லை. ஆறு குழந்தைகளிடம் ஆதிலின் முத்திரை இருந்தது. ஒரு லேபிள் மாறலாம். ஆறு லேபிள் ஒரே மாதிரி மாறாது. ஆறு பேரும் செவ்வாய்க்கிழமை தோறும் பவானி, குமாரபாளையம் பக்கத்திலிருந்து மையத்தின் வண்டியில் பரிசோதனைக்கு வருகிறவர்கள். அந்த வண்டியில்தான் மைமூனும் ஆதிலோடு வந்துகொண்டிருந்தாள்.

இன்னொரு சங்கதியும் அவர் கண்ணில் பட்டது. மற்ற பதினோரு குழந்தைகளில் பலருக்கு மருந்து மெல்லச் சுணங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆறு பேரில் ஒருவர்கூட ஐந்து மாதமாக ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆற்றைத் தாண்டிக் குமாரபாளையம் போனார். தறிச் சத்தத்தில் தெருவே அதிர்ந்துகொண்டிருந்தது. இனியாவின் அம்மா பரிமளம் பக்கத்துத் தறிப்பட்டறையில் வேலை செய்கிறவள். எப்போது போனாலும் அவர் முன்னறையில் நாற்காலியில் உட்காருவார், அவள் பெட்டியைக் கொண்டுவந்து காட்டுவாள், பச்சை விளக்கைப் பார்த்து எழுதிக்கொண்டு கிளம்புவார். பிற வீட்டு அடுப்படிக்குள் அவர் நுழைந்ததில்லை. சொந்த வீட்டிலேயே அதிகம் நுழைந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"இனியா எங்கீங்க?"

"பள்ளிக்கூடம் போயிருக்குதுங்க சார். அஞ்சு மாசமா ஒரு நாளு லீவு போடல."

மயில்சாமி பரிசோதனைத் தாளை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தார். "பரிமளம், இதுல ஆதிலோட முத்திரை இருக்குது. எப்படி வந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் தாளைப் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"மாமியா செத்ததுக்கு எடப்பாடி போனமுங்க. மூணு நாளு. பெட்டியக் கையோட கொண்டுக்கிட்டுத்தான் போனன். எழவு வீட்ல கஞ்சி மாத்தறதுக்கு ஆவுலீங்க. வந்து பாத்தா செவப்பு லைட்டு."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"பண்ணியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மயில்சாமி விதிமுறையின் முப்பத்தோராம் பக்கத்தைத்தான் சொல்லியிருப்பார்.

"அஞ்சு மாசமாகும்னு சொல்லியிருப்பீங்க. இதுல சேர்றதுக்கு முந்தி ஒரே வருசத்துல ரெண்டு தடவ இவளுக்கு நெனவு தப்பிப்போச்சு சார். ரெண்டாவது தடவ கண்ணு முழிச்சப்ப என்னையத் தெரியல. மறுக்கா அம்மான்னு கூப்புட எட்டு மாசம் ஆச்சு." பரிமளம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மைமூனக்காவுக்குப் போன் பண்ணி அழுதன். ஏன் அழுகற, ஒறமோர் தீந்துபோனா பக்கத்து வீட்ல ஒரு கரண்டி வாங்கறதில்லையா, எங்கிட்ட இருக்குதுன்னு அக்கா சொல்லுச்சு."

"அவங்ககிட்ட எப்படி இருக்கும்? பெட்டிய நான்தானே எடுத்துட்டு வந்தேன்?"

"பெட்டியத்தானுங்க எடுத்துட்டு வந்தீங்க."

பரிமளம் சொல்லச் சொல்ல மயில்சாமிக்கு விளங்கியது. சாதாரண எவர்சில்வர் தூக்குப்போசியில், துணி சுற்றி, சன்னல் ஓரத்தில் வைத்து, செத்துப்போன மகனின் நுண்ணுயிருக்கு மைமூன் தினமும் வடிகஞ்சி ஊற்றி வந்திருக்கிறாள். பெட்டியே தேவைப்படவில்லை.

"அன்னைக்கே வாங்கியிருப்பன் சார். வௌக்கு வெச்சதுக்கப்பறம் ஒற குடுக்க மாட்டன், காலைல வா கண்ணுன்னு அக்கா சொல்லிப்போடுச்சு. அந்த ராத்திரி பூரா இவ மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தன். விடிஞ்சதும் வண்டி வர்றதுக்கு முந்தி அக்காவே மூடி போட்ட சம்படத்துல கொண்டாந்து குடுத்துச்சு. அப்பறம் ஒவ்வொருத்தருக்காப் பெட்டி கெட்டுச்சு, கெடாதவங்களும் கேட்டாங்க. செவ்வாக்கெழமை ஆனா அக்கா வண்டிகிட்ட சம்படத்தோட நிக்கும்."

"ஆபத்துன்னு படிச்சுக் காட்டினனே பரிமளம்."

"தெரியுமுங்க. அதனாலதான் மொதல்ல நான் குடிச்சன். ரெண்டு நாளு பாத்துப்போட்டுத்தான் புள்ளைக்கு ஊத்துனன்."

டாக்டரும் இப்படித்தான் செய்தார் என்று அவருக்கு நினைவு வந்தது. எழுந்தபோது பரிமளம் வாசல்வரை வந்தாள்.

"இத வெளிய சொல்லிப்போடாதீங்க சார். சொன்னா எங்களையெல்லாம் இதுலருந்து எடுத்துருவாங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் மயில்சாமி யோசித்தார். மாதம் முடிவதற்குள் கண்காணிப்புக் குழு கூடுகிறது. ஆய்வு தொடரலாமா, காத்திருப்பவர்களுக்குத் தரலாமா என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். ஆறு குழந்தைகள் விதியை மீறிய மருந்தைக் குடிக்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லாமே நின்றுபோகும். அன்று மாலை அவர் ஒரு கடிதம் எழுதினார். நான்கே வரி. அதை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனார்.

சகாயமேரி நின்றபடியே மதியச் சாப்பாட்டை மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"ஆறு மாதிரியிலயும் லேபிளை மாத்தி ஒட்டிட்டீங்களா?"

"ஆமாங்க மேடம். முழுப் பொறுப்பும் என்னுதுதான்."

"மல்லித்தூள் டப்பாவுக்குத் தேதி போடுற ஆளு நீங்க. இதை யாரு நம்புவா?"

"எல்லாரும் நம்புவாங்க மேடம். பதினாலு வருசமா தப்பே பண்ணாதவன் தப்புப் பண்ணிட்டேன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

டாக்டர் டிபன் பாக்ஸை மூடினார். "உக்காருங்க. நடந்ததைச் சொல்லுங்க."

அந்தக் குரலுக்கு முன்னால் பொய் நிற்காது. ஒன்றுவிடாமல் சொன்னார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ ஆறு குழந்தைகளின் ஐந்து மாத அளவுகளையும் திரையில் வரிசையாகப் போட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைமூன் குடுக்க மட்டும் செஞ்சாங்களா, திரும்பியும் வாங்கினாங்களா?"

மயில்சாமிக்குத் தெரியவில்லை. பரிமளத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவள் பயந்துகொண்டேதான் பேசினாள். "அக்கா வாராவாரம் திரும்பி வாங்கிக்கும் மேடம். எந்தப் புள்ள அந்த வாரம் தெம்பா இருக்குதோ, அந்த வீட்லருந்து ஒரு கரண்டி. நல்லா ஒறையற வீட்லதானுங்களே ஒற வாங்குவாங்க?"

போனை வைத்த பிறகு சகாயமேரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் உட்கார்ந்து மயில்சாமி பார்த்ததே அபூர்வம்.

"மூணு வருசமா நான் எதுல முட்டிக்கிட்டு நிக்கறேன், தெரியுமா? தனியா வளர்ற நுண்ணுயிர் நாளாக நாளாகச் சோம்பேறி ஆயிடுது. அமோனியாவைத் தின்னுறது அதுக்கு ஒரு சுமை. சுமையைக் கீழ போட்டதுதான் சீக்கிரம் பெருகும். பெட்டியில பச்சை விளக்கு எரியும்; உள்ள வேலை நடக்காது. மத்தப் பதினோரு குழந்தைங்களுக்கு அதுதான் நடக்குது. இவங்க என்ன பண்ணியிருக்காங்க பாருங்க. எது உண்மையா வேலை செய்யுதோ அதை வாராவாரம் பொறுக்கி எடுத்து எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. சோம்பேறிக்கு அங்க இடமே இல்ல."

"அப்படின்னா நல்லதுதானுங்களே மேடம்?"

"நூத்தி நாப்பது பக்கம் எழுதினோம் மயில்சாமி. தயிர் கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு அம்மாகிட்டயாவது கேட்டோமா?"

மயில்சாமி மேசைமேல் இருந்த தன் கடிதத்தை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினார். "இது இருக்கட்டுங்க மேடம். கமிட்டி போகட்டும். அப்பறமா மெதுவா..."

"லேபிள் தப்புன்னு சொன்னா இந்த ஆறு பேருக்கு நல்லது. பட்டியல்ல இருக்கிற நானூத்திச் சொச்சம் பேருக்கு? கொஞ்ச நாள்லயே தூங்கிப்போற மருந்தைத் தெரிஞ்சே குடுப்போமா?"

"சொன்னா நிறுத்திருவாங்க."

"நிறுத்துவாங்க. இந்த ஆறு பேரும் கஷ்டப்படுவாங்க. அதுவும் எனக்குத் தெரியும்." அவர் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "சொல்லிட்டுத்தான் சண்டை போடணும்."

குழு திரைவழியே கூடியது. சகாயமேரி எதையும் மறைக்கவில்லை. அம்மாக்கள் பக்கம் ஒரு விரல்கூட நீள விடவில்லை. தவறு விதிமுறை எழுதிய தன்னுடையது என்றார். ஆறு குழந்தைகளும் பிழைத்திருப்பது வெறும் அதிர்ஷ்டம் என்றார் தலைவர். "ஒவ்வொரு அம்மாவும் முதல்ல தானே குடிச்சுப் பாத்திருக்காங்க. அதுக்குப் பேரு அதிர்ஷ்டம் இல்லைங்க" என்றார் டாக்டர். ஆனாலும் தீர்ப்பு எதிர்பார்த்தபடிதான் வந்தது. புதிய சேர்க்கை நிறுத்தம். ஆறு பெட்டிகளையும் காலி செய்து, சான்றுக்காக மட்டும் மையத்தின் உறைபெட்டியில் வைத்திருந்த அவரவர் பழைய நுண்ணுயிரையே, இந்த ஒருமுறை விதியைத் தளர்த்தி, திரும்பக் கொடுக்க வேண்டும். மைமூன் வீட்டில் இருப்பதையும் கேட்டு வாங்கி அழிக்க வேண்டும்.

ஆறு வீட்டுக்கும் மயில்சாமிதான் போனார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று இருந்தது அவருக்கு. கடைசியாகப் பவானிக்குப் போனார்.

மைமூன் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் இருந்தது. அதையடுத்த சன்னலில் தூக்குப்போசி, ஒரு சின்ன நீலத் துண்டு சுற்றி. அந்தத் துண்டை ஆதிலின் கழுத்தில் பல தடவை பார்த்திருக்கிறார்.

"இதுக்குத்தான் வந்திருக்கீங்க" என்றாள் மைமூன்.

"ஆமாங்க."

"அவன் சட்டையெல்லாம் குடுத்துட்டேன் சார். புஸ்தகம் குடுத்துட்டேன். சைக்கிளக்கூடக் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் உசுரோட இருந்துச்சு. அதப் போயி எப்படிங்க சாக்கடையில ஊத்தறது?"

மயில்சாமி பையிலிருந்து படிவத்தை எடுத்தார். யாரிடமிருந்து எதை வாங்கினாலும் முதலில் படித்துக்காட்ட வேண்டிய ஒரு வரி அதில் உண்டு. நூற்றுக்கணக்கான பேரிடம் அதைப் படித்திருக்கிறார், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, ஒரே மூச்சில். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"இதைத் தருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ..." அங்கே நின்றுவிட்டார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடர்ந்தார். "எந்தக் குறையும் நேராது."

மைமூன் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "மாட்டேன்னு சொல்லலாமுங்களா?"

"சொல்லலாமுங்க. அதுக்குத்தான் இந்த வரி."

"அப்ப மாட்டேன்."

மயில்சாமி தேதியும் நேரமும் போட்டு, "மறுத்துவிட்டார்" என்று தெளிவாக எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்த வரிக்கு இப்படி ஒரு பலம் இருக்கும் என்று பதினாலு வருடத்தில் அவர் நினைத்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணுங்க. அனுமதி வர்ற வரைக்கும் இதை யாருக்கும் குடுக்கக் கூடாது."

"புள்ளைக முடியாமக் கெடந்தாக்கூடவா?"

"ஆமாங்க."

மைமூன் வெகுநேரம் சன்னலைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. நான்காம் வாரம் ஆறு குழந்தைகளுக்கும் அளவு ஏறத் தொடங்கியது. பெட்டிகளில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வாரம் இனியாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போகிற காய்ச்சல். அவளுக்கு மறுநாளே நினைவு தப்பியது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பரிமளம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மயில்சாமி அருகே போய் நின்றார்.

"நீங்க நெசத்தச் சொன்னீங்க சார்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "எம்புள்ள உள்ள கெடக்குது."

அவருடைய சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மைமூன்.

"பரிமளம் கேக்கலீங்க. நானாத்தான் கேக்கறேன். ஒரு கரண்டி கொண்டு வரட்டுங்களா?"

கொண்டு வாங்க என்று சொல்ல நாக்கு துடித்தது. கண்ணாடிக் கதவின் வழியே பார்த்தார். டாக்டர் சகாயமேரி இனியாவின் படுக்கையருகே ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். முந்தின நாள் கட்டிய அதே புடவை. குழுவுக்கு அவர் அன்று காலை அனுப்பிய மூன்றாவது அவசரக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் மயில்சாமிதான். இப்போது திருட்டுத்தனமாக ஒரு கரண்டி உள்ளே போனால் அந்தக் கடிதங்களுக்கு மதிப்பு இருக்காது.

"வேண்டாமுங்க" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொன்னதற்காக அவர் பிறகு பல நாள் சரியாகத் தூங்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை அளவு இறங்கியது. மூன்றாம் நாள் காலை இனியா கண்ணைத் திறந்தாள். பரிமளம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். குழந்தை அவள் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு, "அம்மா, இன்னிக்கு ஸ்கூல் இருக்கா?" என்றது. பரிமளம் வாய்விட்டு அழுதாள். சகாயமேரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மயில்சாமிக்கும் கண்ணீரில் எழுத்து மறைந்தது. அளவை எழுத இரண்டு தடவை முயன்றார்.

ஏழாம் வாரம் குழு மறுபடி கூடியது. இந்த முறை சகாயமேரி அதிகம் பேசவில்லை. ஆறு குழந்தைகளின் பன்னிரண்டு மாதத்தைத் திரையில் போட்டார். உறை வாங்கிய மாதங்களும் நிறுத்திய வாரங்களும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. கடுகடுத்த அதே தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சேர்ந்து வளர்த்த நுண்ணுயிரை மையத்திலேயே பாதுகாப்பாகப் பெருக்கலாம், முதலில் அந்த ஆறு பேருக்கும், சோதித்தபின் காத்திருப்பவர்களுக்கும் தரலாம் என்று முடிவானது.

"அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் தலைவர்.

பெட்டிகளைக் காலி செய்தாயிற்று. பரிசோதனைக்குப் போன மாதிரிகள் பரிசோதனையிலேயே தீர்ந்துவிட்டன.

"பவானியில ஒரு வீட்டுச் சன்னல்ல இருக்கு" என்றார் டாக்டர். "குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

மயில்சாமி அப்போதே கிளம்பினார். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று, பவானி போய்ச் சேர நேரமாகிவிட்டது. மைமூன் வீட்டுத் தெருவில் திரும்பும்போது பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னார். மைமூன் முகம் மலர்ந்தது. இனியாவைப் பற்றி இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். சன்னல் பக்கம் போனவள் பாதியில் நின்றாள்.

"பொழுது போயிருச்சுங்களே சார். வௌக்கு வெச்சா ஒற குடுக்கறதில்ல. எங்க மாமியா காலத்துலருந்து அப்படித்தான். காலைல வாங்க."

மயில்சாமி வெளியே வந்து டாக்டருக்குப் போன் போட்டார். "காலைலதான் தருவாங்களாம் மேடம். விளக்கு வெச்சுட்டாங்களாம்."

ஏழு வாரத்தில் ஏழு முறை அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப எழுதியவர் அவர்.

"அவங்க சொன்னாச் சரி" என்றார் சகாயமேரி. "இருந்து வாங்கிட்டு வாங்க."

கூடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, ஆறு மணிக்கெல்லாம் குளித்துவிட்டுப் போய் நின்றார். மைமூன் சம்படத்தைச் சாம்பல் போட்டுத் துலக்கி, வெந்நீரில் அலசி, தயாராக வைத்திருந்தாள். மயில்சாமி பையிலிருந்து லேபிளை எடுத்து எழுதினார். சம்படத்தில் ஒட்டினார். கட்டைவிரலால் மூன்று முறை நீவிவிட்டார். பிறகு வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார்.

"ஆதில். பவானி."

மைமூன் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். அந்த வீட்டில் அந்தப் பெயரை வேறொருவர் சொல்லி நாளாகியிருந்தது. பிறகு நீலத் துண்டை விலக்கி, தூக்குப்போசியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்துச் சம்படத்தில் ஊற்றினாள்.

"எத்தன புள்ளைகளுக்குங்க?"

"இந்த ஆறு பேரு. அப்பறம் காத்திருக்கறவங்க நானூத்திப் பன்னெண்டு பேருங்க."

"அத்தன பேருங்களா?" அவள் சம்படத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்ப ஒரு கரண்டி எங்க பத்தும்?"

இன்னொரு கரண்டி ஊற்றினாள். கொஞ்சம் யோசித்து இன்னும் ஒன்று. ஒரு சொட்டு இருந்தாலே மையத்தில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பெருக்கிக்கொள்ளலாம் என்று மயில்சாமிக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. அது விளிம்புவரை நிறையும் மட்டும் சம்படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.